கொழிஞ்சாம்பாறை மன்றச் செயலாளரின் ஆண்டறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, பெரியவர்களே, தாய்மார்களே, மன்ற உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

மாதக் கூட்டங்கள் தடையின்றி நடந்தன. பொங்கல் விளையாட்டு, ஓணக் கோலப்போட்டி, பிள்ளைகளுக்கு நோட்டுப் புத்தகம் எல்லாம் வழக்கம்போல. பட்டியல் நோட்டீஸ் பலகையில் இருக்கிறது; வாசித்து உங்களைக் காக்கவைக்கவில்லை. இந்த ஆண்டு நம்மைப் பாடாய்ப் படுத்தியது மாடியறையில் உள்ள கலைப்பொருள்கள்தான்.

பழைய நாடகக் குழுவின் ஹார்மோனியம், ஒயிலாட்டச் சலங்கை, நாடக நோட்டீஸ் கட்டுகள், ஒரு மரப்பெட்டியில் தோல்பாவைகள். இளைஞர்களில் பலர் இவற்றைப் பார்த்ததே இல்லை. பாலக்காட்டுப் பகவதி காவுகளில், அதாவது அம்மன் கோயில்களில், 42 அடி நீளக் கூத்துமாடத்தில், 21 தேங்காய்மூடி விளக்குகளின் வெளிச்சத்தில் இத்தகைய பாவைகளைத் திரையில் நிழலாட்டி விடிய விடிய நடப்பது கம்பராமாயணப் பாட்டு. மலையாளக் காவில் தமிழ்ப் பாட்டு. ஆனால் உதவி கேட்டுப் போனால் இந்தப் பக்கம் கேரளத்தில் "அது தமிழாச்சே" என்கிறார்கள், அந்தப் பக்கம் தமிழ்நாட்டில் "அது கேரளமாச்சே" என்கிறார்கள்.

எடவப்பாதி என்னும் தென்மேற்குப் பருவமழையில் கூரை ஒழுகி, இராவணன் பாவையின் ஒரு பக்கக் கைகள் சுருண்டுவிட்டன. உளியால் குத்திய துளைகளில் வெள்ளை வெள்ளையாகப் பூஞ்சணம். வெயிலில் போட்டால் தோல் விறைத்துவிடும் என்பதால், நிழலில் பரப்பி உலர்ந்த பிரஷால் துளை துளையாகத் தட்ட வேண்டியிருந்தது. மழை முடியும்வரை இதே வேலை. பராமரிப்புக்கு நிதி கேட்டு ஒரு துறைக்கு எழுதினோம். விழா நடத்தினால் உதவலாம், பராமரிப்புக்குக் கணக்குத் தலைப்பு இல்லை என்று பதில் வந்தது. ஒருநாள் கூத்துக்கு மீசையைச் சிரைக்கச் சொல்கிறார்கள்!

பெரிய அருங்காட்சியகம் எதற்காவது கொடுத்துவிடலாமே என்று சிலர் சொன்னார்கள். அந்த விவாதத்தில் ஓர் உறுப்பினர் லண்டன் கதையை எடுத்தார். கோவென்ட் கார்டனின் பழைய பூ மார்க்கெட் கட்டடத்தில் 1987-இல் திறந்த நாடக அருங்காட்சியகம், அரசுப் பணத்தில் நடக்கும் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தின் கிளை. கட்டடத்தைப் புதுப்பிக்க லாட்டரிப் பணத்தில் இயங்கும் பாரம்பரிய நிதியை நாடினார்கள், கிடைக்கவில்லை. 2007 ஜனவரியில் பூட்டிவிட்டார்கள். பொருள்கள் மட்டும் தலைமை அருங்காட்சியகத்துக்குப் போய், 2009-இல் அங்கே தனிக்கூடம் வந்தது. அவர்களுக்குத் திரும்பிப் போக ஒரு தாய்வீடு இருந்தது. நம் பெட்டியை யாரிடம் கொடுத்தாலும் அது எந்தக் கிடங்கில் கிடக்குமோ! பட்டியல் போட்டு, படம் எடுத்து முடிக்காமல் ஒன்றையும் வெளியே அனுப்பக்கூடாது என்பது என் கருத்து. செயற்குழுவும் அப்படியே முடிவு செய்தது.

லாட்டரிப் பேச்சு அதோடு நிற்கவில்லை. நாட்டிலேயே முதலில் அரசு லாட்டரி தொடங்கியது கேரளம், 1967-இல். தமிழ்நாடு 2003-இல் தடைசெய்த பிறகு நம் எல்லையோரக் கடைகளில் கூட்டத்துக்குக் கேட்கவே வேண்டாம். காருண்யா லாட்டரியின் வருமானம் ஏழைகளின் சிகிச்சைக்குப் போகிறது. அதுபோல ஒரு சிறு பங்கைக் கலைப்பொருள் பராமரிப்புக்கு ஒதுக்க வேண்டும், அதுவும் விழாவுக்கு அல்ல, கூரைக்கும் மின்கட்டணத்துக்கும் என்று மாநில அரசைக் கேட்கும் தீர்மானம் இன்று உங்கள் முன் வருகிறது. குடும்பங்களைக் கெடுக்கும் காசு நமக்கு எதற்கு என்று மூத்த உறுப்பினர் ஒருவர் ஆட்சேபித்தார். நியாயமான பேச்சு, குறிப்பேட்டில் ஏற்றியிருக்கிறோம். ஆனால் அந்தக் காசு ஏற்கெனவே கஜானாவுக்குள் போய்விட்டது. நாம் கேட்காவிட்டால் வேறு எதற்காவது போகும்.

வரவுசெலவைப் பொருளாளர் வாசிப்பார். கூரைக்கு ஓடு மாற்ற நன்கொடை தந்தவர்களுக்கு நன்றி. மாடியறைச் சாவி நூலகப் பொறுப்பாளரிடம் இருக்கிறது. ஞாயிறு காலையில் பாவை துடைக்க ஆள் வேண்டும், பிரஷ் மன்றம் தரும். இவ்வறிக்கையை ஏற்றுக்கொள்ளுமாறு பொதுக்குழுவைக் கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்