கூடாரப்பண்டிகைக்கு முன்னால், எஸ்தருக்கு

அன்புள்ள எஸ்தருக்கு,

இங்கே எல்லாரும் சுகம். யூதர்களின் கூடாரப்பண்டிகைக்கு எருசலேமில் ஒரு ஜெப ஆலயத்துக்கும், அப்படியே ஒரு வீட்டுக் கூடாரத்துக்கும் கூப்பிட்டிருக்கிறார்கள் என்று எழுதியிருந்தாய். கட்டாயம் போ. ஆனால் அங்கே நடக்கும் வேத வாசிப்பு புரிய வேண்டுமென்றால் முந்தின நாளே கொஞ்சம் வேலை இருக்கிறது.

இந்த 2026-ல் முதல் நாள் செப்டம்பர் 26, சனிக்கிழமை. ஓய்வுநாளும் சேர்ந்துகொள்வதால் போனில் வேதாகமம் திறக்க முடியாது, பேனா எடுக்கவும் கூடாது. அச்சு வேதாகமத்தில் வெள்ளிக்கிழமை பொழுது சாயுமுன் நாலு இடத்தில் காகிதம் செருகி வை: பிரசங்கி, லேவியராகமம் 22:26, எண்ணாகமம் 29:12, சகரியா 14. வாசிக்கும் வரிசையும் அதுதான். பிரசங்கி பொதுவாகப் பண்டிகையின் நடுவில் வரும் ஓய்வுநாளுக்கு உரியது. முதல் நாளே சனி என்றால் அங்கே அன்றைக்கே வாசித்துவிடுவார்கள். அது ஐரோப்பிய வழி யூதர்களான அஷ்கெனாசியர் வழக்கம், எல்லா ஜெப ஆலயத்திலும் இருக்காது. நம் பிரசங்கி 5:1 எபிரேயத்தில் 4:17. ஐந்தாம் அதிகாரம் முழுக்க வசன எண் ஒன்று தள்ளியே வரும், பக்கத்தில் இருப்பவர் சொல்லும் எண்ணை வைத்துத் தேடாதே.

லேவியராகமத்தைப் பகுதி பகுதியாக வாசிப்பார்கள், பகுதிக்கு ஒருவராக வழக்கமாக ஐந்து பேரைச் சுருளருகே அழைப்பார்கள், ஓய்வுநாளில் ஏழு பேர். பிறகு இரண்டாவது சுருளில் பலிகளின் கணக்கு: முதல் நாள் 13 காளை, தினம் ஒன்று குறைந்து ஏழாம் நாள் 7, மொத்தம் 70. ஞாயிற்றுக்கிழமை எண்ணாகமம் 29:17-19 மட்டும். நாலு பேரை அழைத்து, நாலு பேருக்கும் அதே மூன்று வசனத்தை வாசிப்பார்கள். வாசிப்பவர் இடம் தெரியாமல் திணறுகிறார் என்று நினைத்துவிடாதே. இஸ்ரவேல் தேசத்து முறை அது.

அவர் நிஜமாகவே இடறக்கூடிய இடங்கள் வேறு. ஏழு நாள் வசனங்களும் ஏறக்குறைய ஒன்றுபோல் இருக்கும், சுருளிலோ உயிர்க்குறிகளும் வசன எண்ணும் கிடையாது. எபிரேய எழுத்துகளில், இரண்டாம் நாளின் பானபலிச் சொல்லில் ஒரு மேம், ஆறாம் நாளில் ஒரு யோத், ஏழாம் நாளில் 'முறைப்படி' என்று வரும் சொல்லில் ஒரு மேம் கூடுதலாக இருக்கும். மனப்பாடமாக ஓட்டுகிறவர் இதைத் தவறவிடுவார். சபையிலிருந்து யாராவது சத்தமாகத் திருத்துவார்கள், அவர் திரும்பி வாசிக்க வேண்டும். மூன்று எழுத்தையும் சேர்த்தால் 'மயிம்', தண்ணீர். எருசலேம் தேவாலயம் இருந்த காலத்தில் சீலோவாம் குளத்துத் தண்ணீரைப் பலிபீடத்தில் வார்த்த சடங்குக்கு யூத வேதபோதகர்களான ரபிகள் இதிலிருந்து ஆதாரம் காட்டினார்கள். பண்டிகைக்கு வராத ஜாதிகளுக்கு மழை இல்லை என்று சகரியா 14:17 சொல்வதையும் சேர்த்துப் பார். எனக்கென்னவோ, மழையை மறந்துவிட்டால் இந்தப் பகுதிகளை ஏன் ஒன்றாக வைத்தார்கள் என்பதே பிடிபடாது.

கூடாரத்துக்குள் போனால் அண்ணாந்து பார். கூரை வெட்டிய கிளை, மூங்கில், ஓலை மாதிரி மண்ணில் விளைந்ததாக இருக்க வேண்டும், வேரோடு நிற்கும் மரமாக இருக்கக் கூடாது. உள்ளே வெயிலைவிட நிழல் அதிகம் இருக்க வேண்டும். கூடாரம் போட்ட பால்கனிக்கு மேலே இன்னொரு பால்கனி இருந்தால் செல்லாது. அதனால்தான் அந்த ஊரில் பல கட்டடங்களில் பால்கனிகளை மாடிக்கு மாடி விலக்கிக் கட்டியிருக்கிறார்கள். கூழ் கெட்டுப்போகிற அளவுக்கு மழை பெய்தால் கூடாரத்தை விட்டு வீட்டுக்குள் போகலாம் என்கிறது பழைய யூதச் சட்டத் தொகுப்பான மிஷ்னா. பண்டிகையில் கையில் பிடிக்கும் பேரீச்சங்குருத்து, எத்ரோக் (நாரத்தை மாதிரி ஒரு பழம்), மூன்று மிர்த்தைக் கிளை, இரண்டு ஆற்றலரிக் கிளை ஆகியவற்றைச் சனிக்கிழமை எடுக்க மாட்டார்கள். ஞாயிறு காலை பார்க்கலாம்.

அக்டோபர் 3 எட்டாம் நாள். அன்று மூன்று சுருள்: உபாகமம் 33-34, உடனே ஆதியாகமம் 1:1 முதல் 2:3 வரை, கடைசியில் எண்ணாகமம் 29:35 முதல். ஒரே சுருள் என்றால் உபாகமக் கடைசியிலிருந்து ஆதியாகமத் தொடக்கத்துக்குச் சுற்றி முடிக்கிற வரை சபை காத்திருக்க வேண்டும். நம் எண்ணாகமம் 29:40 அவர்களுக்கு 30:1. பிறகு யோசுவா 1. எல்லாரையும் ஒருமுறையாவது அழைப்பது வழக்கம் என்பதால் உபாகமம் திரும்பத் திரும்ப வரும், காலைச் சாப்பாட்டை முடித்துவிட்டே போ.

அன்றைய ஜெபத்தில் மழையைப் புகழ்வார்கள், ஆனால் இன்னும் கேட்க மாட்டார்கள். கேட்பது 15 நாள் கழித்து, எபிரேய மாதமான மார்கேஷ்வான் 7-ல், அதாவது அக்டோபர் 17 இரவிலிருந்து. பழங்காலத்தில் எருசலேமுக்கு யாத்திரை வந்து ஊர் திரும்புகிறவர்களில் கடைசி ஆள் ஐபிராத்து நதிக்குப் போய்ச் சேரும்வரை நனையக் கூடாது என்று கணக்குப் போட்டிருக்கிறார்கள்.

அப்பா