பாரிசில் இருக்கும் தம்பிக்கு, அக்கா எழுதுவது

தம்பி,

உன் பெயரை இதில் போடவில்லை. வாசிக்கும்போது நீதான் என்று உனக்குத் தெரியும், அது போதும். வட்ஸ்அப்பில் எழுதினால் இரண்டு நீலக் கோடு வருகிறது, பதில் வருவதில்லை, அதனால்தான் இங்கே.

போன செவ்வாய் பள்ளிக்கூடம் விட்டு உன் மகள் சைக்கிளில் வந்து படலையடியில் நின்றாள். உள்ளே வரவில்லை. கையில் ஒரு துண்டு. கொப்பி நாலு, வெள்ளைச் சப்பாத்து, விஞ்ஞான ரியூசன் காசு. "அப்பம்மாட்டக் குடுங்கோ மாமி" என்றாள். அம்மா கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு வாசித்து, சப்பாத்தைப் பேனையால் வெட்டிவிட்டு, "போன தவணைதானே வாங்கினது" என்றா. பிள்ளை ஒன்றும் சொல்லவில்லை, காலைத் தூக்கி அடிப்பக்கத்தைக் காட்டினாள். நுனி பிளந்து, உள்ளே மடித்து வைத்திருந்த கடதாசி மட்டை தெரிந்தது.

நீ மாதாமாதம் அனுப்புகிறாய்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அது வங்கிக்கு வெளியே, உண்டியல்காரர் வழியாக அம்மாவின் கைக்கு வருகிறது. அம்மாவுக்கு மச்சாளோடு, பிள்ளையின் தாயோடு, கோபம் என்றால் அந்த மாதம் பிள்ளைக்குப் போவது சுருங்கிவிடும். உண்டியல் காசுக்குப் பற்றுச்சீட்டும் கிடையாது, நாளைக்கு நீதவான் முன்னால் "நான் ஒழுங்காகக் கட்டினேன்" என்று சொல்ல உன்னிடம் என்ன இருக்கிறது? வருசத்துக்கு ஒருமுறை வரும் சொக்லேட் பெட்டியையா காட்டப் போகிறாய்?

சரி, விசயத்துக்கு வாறேன். மச்சாளைச் சட்ட உதவி ஆணைக்குழுவுக்குக் கூட்டிக்கொண்டு போனது நான்தான். அம்மாவுக்கு இன்னும் தெரியாது.

விவாகரத்தோடு கணக்கு முடிந்தது என்று நீ நினைத்திருந்தால், அது உனக்கும் மச்சாளுக்கும் இடையிலான கணக்கு. இலங்கையின் 1999ஆம் ஆண்டின் 37ஆம் இலக்கத் தாபரிப்புச் சட்டத்தில், அதாவது பராமரிப்புக் காசு பற்றிய சட்டத்தில், பிள்ளையின் கணக்கு தனி. உன் வருமானத்தையும் அவளுடைய தேவையையும் பார்த்து நீதவான் தொகை போடுவார். கட்டாமல் விட்டால் விட்ட ஒவ்வொரு மாதத்துக்கும் ஒரு மாதம் வரை மறியல், சிறைத் தண்டனை, விதிக்கலாம். நீ நல்லூர்த் திருவிழாவுக்கு வருகிற ஆள், யோசித்துப் பார்.

வராமலே இருக்கலாம் என்றாலும் சரிவராது. வெளிநாட்டில் இருப்பவரிடம் தாபரிப்பு பெறுவதற்கு 1956இல் நியூயோர்க்கில் ஐநா ஓர் உடன்படிக்கை செய்தது. இலங்கை 1958இலும் பிரான்ஸ் 1960இலும் அதில் சேர்ந்துவிட்டன, நீ பிறக்க எத்தனையோ வருசத்துக்கு முன்னால். இங்கே கொடுக்கும் விண்ணப்பத்தை அரசாங்கமே அங்கே அனுப்பும், அங்குள்ள அதிகாரிகள் அந்த நாட்டுச் சட்டப்படி உன்னைத் தேடி வருவார்கள், அந்த வேலைக்கு மச்சாளிடம் கட்டணம் கேட்கவும் முடியாது. இழுபடும்தான், அதை மறைக்கவில்லை. ஆனால் மச்சாள் இழுபடத் தயார்.

அதுவரைக்கும் போக வேண்டுமா என்ன? மச்சாளின் வங்கிக் கணக்கு இலக்கம் என்னிடம் இருக்கிறது. மாதம் முதலாம் தேதி நேராக அதில் போடு, அம்மாவுக்குக் கொடுப்பதை வேறாக அனுப்பு. எவ்வளவு என்று நீங்கள் இரண்டு பேரும் பேசி முடித்து, அதையே நீதிமன்றத்தில் பதிந்துவிடலாம்.

விண்ணப்பம் அடுத்த கிழமை போகிறது. அதற்கு முன் கதைப்பதென்றால் இங்கத்தைய நேரம் இரவு ஒன்பதுக்குப் பிறகு எடு. அம்மா படுத்திருப்பா.

அக்கா