கை எட்டுகிற சொல்

அன்புள்ள பாப்பாவுக்கு,

அம்மா எழுதுகிறேன். உனக்குப் பார்சல் நேற்றுத்தான் அனுப்பினேன்.

ஞாயிற்றுக்கிழமை நீ போனில் சொன்னது மனதிலேயே நிற்கிறது. ஸ்டுட்கார்ட் கடையில் காய் நறுக்க 'ஹேண்டி'யாக ஏதாவது வேண்டும் என்று ஆங்கிலத்தில் கேட்டாய். அவர்கள் செல்போன் இருக்கிற பக்கம் கைகாட்டினார்கள். ஜெர்மனியில் செல்போனுக்குப் பெயரே 'ஹேண்டி'தான். ஆங்கிலத்தில் அந்தப் பொருள் கிடையாது. நீ தேடியதற்கு அவர்களிடம் 'ஹான்ட்லிஷ்' என்று ஒரு சொல் உண்டு. கைக்கு அடக்கமானது என்று அர்த்தம்.

"ஹேண்டி என்றால் யூஸ்ஃபுல்தானேம்மா?" என்று நீ கேட்டபோது சட்டென்று ஆமாம் என்றுவிட்டேன். 28 வருடம் ஆங்கிலம் நடத்தியவள் அப்படிச் சொல்லியிருக்கக் கூடாது. ராத்திரி படுத்தபின் அது உறுத்தியது.

யூஸ்ஃபுல் என்றால் பயனுள்ளது, அவ்வளவுதான். பரணில் கிடக்கிற நம் பெரிய அண்டாவும் பயனுள்ளதுதான், ஆனால் அதை யாரும் ஹேண்டி என்று சொல்லமாட்டார்கள். இந்தச் சொல்லுக்குள் கை இருக்கிறது. நீட்டினால் கிடைக்க வேண்டும், இல்லையென்றால் பிடித்துப் புழங்கச் சுலபமாக இருக்க வேண்டும். கரண்ட் போன நேரத்தில் டார்ச் பீரோவுக்குள் பூட்டிக் கிடந்தால் அது யூஸ்ஃபுல் மட்டும்தான். தலையணைக்கு அடியில் இருந்தால் ஹேண்டி.

'கம் இன் ஹேண்டி' என்பதை வகுப்பில் சொல்லிக்கொடுக்க ரொம்பத் திண்டாடியிருக்கிறேன். 'சமயத்தில் பயன்பட்டது' என்று போர்டில் எழுதுவேன். பிள்ளைகள் மனப்பாடம் செய்வார்கள், ஆனால் பிடிபடாது. ஒரு நாள் கடைசி பெஞ்சிலிருந்து ஒரு பெண் எழுந்து, "கைகொடுத்துச்சுன்னு சொல்லலாமா டீச்சர்?" என்றாள். அதைவிடச் சரியான தமிழ் எனக்கு இன்றுவரை கிடைக்கவில்லை. பாட்டி எடுத்த சீட்டுப் பணம் உன் விசா சமயத்தில் கைகொடுத்ததே, அதேதான். 'கீப் இட் ஹேண்டி' என்றால் கைவசம் வைத்துக்கொள். எல்லாவற்றிலும் நம் 'கை' தயாராக நிற்கிறது பார். எனக்கு அது அவ்வளவு சந்தோஷமாக இருக்கிறது.

ஆட்களைப் பற்றிச் சொல்லும்போது மட்டும் கவனமாக இரு. உதவி செய்கிற தோழியை 'ஹேண்டி' என்று சொல்லாதே, அவள் 'ஹெல்ப்ஃபுல்'. 'ஹேண்டி வித் எ ஸ்க்ரூடிரைவர்' என்றால் கைவேலை தெரிந்தவர், உன் அப்பா மாதிரி. மிக்ஸியிலிருந்து தண்ணீர் மோட்டார் வரை அவர் பிரித்து மாட்டாதது இந்த வீட்டில் எது? இங்கிலாந்துக்காரர்கள் ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் இருக்கிற வீட்டையும் 'ஹேண்டி ஃபார் த ஸ்டேஷன்' என்பார்கள். அப்புறம், இது பேச்சுக்கு உரிய சொல். உன் ஆய்வேட்டில் 'யூஸ்ஃபுல்' என்றே எழுது.

பார்சலில் சுக்குமல்லிப் பொடி வைத்திருக்கிறேன். வழக்கம்போலப் பெட்டிக்கு அடியில் போட்டுவிடாதே. அடுப்புக்குப் பக்கத்தில், கை எட்டுகிற தட்டில் வை. குளிர் ஆரம்பித்துவிட்டது என்றாயே. பாஸ்போர்ட் நகல் ஒன்று எப்போதும் பையிலேயே இருக்கட்டும்.

பார்சல் வந்ததும் ஒரு வார்த்தை சொல்.

அம்மா