மசக்கையில் இருக்கும் மருமகளுக்காக மகனுக்கு ஒரு கடிதம்

மன்னார்குடி

அன்புள்ள தம்பிக்கு,

அம்மா எழுதுவது. இங்கே அப்பாவும் நானும் நலம். மருமகளின் வயிற்றில் எதுவும் தங்கவில்லை, என்ன சமைத்துக் கொடுத்தால் சாப்பிடுவாள் என்று நேற்று கேட்டாய். தொலைபேசியில் சொல்லி முடிக்கிற விஷயம் இல்லை அது. கிராம சுகாதார செவிலியராக வீடு வீடாக நடந்த காலத்தில் மசக்கையில் வாடிய பெண்களை நிறையப் பார்த்திருக்கிறேன். ஓய்வு பெற்ற பிறகும் இதைப் பற்றி வருவதைத் தேடிப் படித்து வருகிறேன். எழுதி அனுப்பினால் வேண்டிய நேரத்தில் எடுத்துப் பார்த்துக்கொள்வாய் என்பதால் சற்று நீளமாகவே எழுதுகிறேன்.

கருவுற்ற பெண்கள் நூறு பேரில் எழுபது, எண்பது பேருக்குக் குமட்டலோ வாந்தியோ வருகிறது. ஐந்தாவது, ஆறாவது வாரத்தில் தொடங்கி, ஒன்பதாவது வாரத்தை ஒட்டி உச்சத்துக்குப் போய், பன்னிரண்டிலிருந்து பதினாறு வாரத்துக்குள் பெரும்பாலோருக்குத் தணிந்துவிடும். ஏறத்தாழ பத்தில் ஒருவருக்கு இருபதாவது வாரத்தைத் தாண்டியும் நீடிக்கும். அவளுக்கு இப்போது எட்டாவது வாரம் நடக்கிறது என்பதால், அடுத்த சில நாட்களில் இன்னும் கடுமையாகலாம் என்பதை நீ முன்கூட்டியே அறிந்திருக்க வேண்டும். காலையில் மட்டும் வரும் என்று நினைத்துக்கொண்டு, மாலையிலும் நள்ளிரவிலும் அவள் ஓங்கரிக்கும்போது பதறாதே. மசக்கைக்கு வேளை கிடையாது.

இது அவள் மனத்திலிருந்து வருவது அன்று, உடம்பிலிருந்து வருவது என்பதை நீ உறுதியாக நம்ப வேண்டும். போன நூற்றாண்டில் மருத்துவர்களிலேயே பலர், பிள்ளை பெற மனமில்லாத பெண்தான் இப்படி வாந்தி எடுக்கிறாள் என்று எழுதி வைத்தார்கள். அமெரிக்காவில் மார்லீனா ஃபெய்சோ என்ற மரபணு ஆராய்ச்சியாளர் 1999-இல் கருவுற்றிருந்தபோது, அசையவும் முடியாத அளவுக்கு வாந்தியால் நலிந்தார். அவர் மிகைப்படுத்துகிறார் என்றே அவருடைய மருத்துவர் கருதினார். கடைசியில் அந்தக் கரு தங்கவில்லை. அந்தப் பெண்மணி அதன் காரணத்தைத் தேடுவதையே தம் வேலையாக்கிக்கொண்டார். அவரும் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தின் ஸ்டீபன் ஓராஹிலி குழுவினரும் சேர்ந்து 2023 டிசம்பரில் வெளியிட்ட ஆய்வு, கருவின் பக்கத்திலிருந்து சுரந்து தாயின் இரத்தத்தில் கலக்கும் ஜி.டி.எஃப்.15 என்ற ஹார்மோன் மூளையின் அடித்தண்டைத் தூண்டிக் குமட்டலை உண்டாக்குகிறது என்று காட்டியது. கருவுறுவதற்கு முன் இந்த ஹார்மோன் உடம்பில் குறைவாக இருந்த பெண்ணுக்கு, அது திடீரென்று கூடும்போது பாதிப்பும் அதிகமாகிறது. ஆகவே ஒருத்திக்கு ஒன்றுமே இல்லாமலும் இன்னொருத்திக்கு எழுந்திருக்க முடியாமலும் இருப்பதற்கு அவர்களுடைய மன உறுதி காரணம் இல்லை.

இதை இவ்வளவு விரித்து எழுதுவதற்குக் காரணம் நம் உறவுக்காரர்கள்தான். நாங்களெல்லாம் மசக்கையோடுதான் நடவு நட்டோம், களை பறித்தோம், இந்தக் காலத்துப் பெண்களுக்குத்தான் இத்தனை சொகுசு என்று பேசுகிற பெரியவர்கள் நம் வீட்டிலும் இருக்கிறார்கள். அப்படி நடவு நட்டவர்களில் எத்தனை பேர் வரப்பில் உட்கார்ந்து வாந்தி எடுத்துவிட்டு மறுபடியும் சேற்றில் இறங்கினார்கள் என்பதை நான் கண்ணால் கண்டவள். வில்லியம் இளவரசரின் மனைவி கேத்தரின்கூட 2012 டிசம்பரில் கடுமையான மசக்கைக்காக லண்டன் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். அரண்மனையில் இருந்தாலும் வயலில் நின்றாலும் வருகிற நோய் இது. ஆகவே யார் தொலைபேசியில் அழைத்து அவளுக்குப் புத்தி சொல்லத் தொடங்கினாலும், அந்தப் பேச்சை நீ வாங்கிக்கொண்டு அங்கேயே முடித்துவிடு. அவள் காதுவரை போக விடாதே. வாந்தி அதிகமாக இருப்பதை வைத்து ஆணா பெண்ணா என்று கணக்குப் போடுபவர்களுக்குப் பதிலே சொல்ல வேண்டாம்.

இனி உன் கேள்விக்கு வருகிறேன். என்ன சமைப்பது என்று யோசிப்பதற்கு முன்னால், வீட்டில் எந்த வாசனையை நிறுத்துவது என்று யோசி. குக்கரிலிருந்து வரும் சோற்று ஆவி, வெங்காயம் வதங்கும் வாடை, கடுகு தாளிக்கும் புகை, பால் பொங்கும் மணம், காபி, மீன், குளிர்சாதனப் பெட்டியைத் திறந்தவுடன் முகத்தில் அடிக்கும் கலவை வாடை, சாம்பிராணி, ஊதுபத்தி, நீ பூசிக்கொள்ளும் வாசனைத் திரவியம் என்று எது வேண்டுமானாலும் அவளைப் புரட்டிப் போடலாம். நேற்றுவரை ஆசையாக முகர்ந்ததே இன்று ஆகாமல் போகும். எது ஆகவில்லை என்று அவளையே கேட்டு அதை விலக்கு. அடுப்பு வேலையை நீ ஏற்றுக்கொண்டு, சமையலறைக் கதவைச் சாத்தி, சன்னலைத் திறந்து வைத்துச் சமை. முடிந்தால் அவள் குளிக்கும்போதோ மொட்டை மாடியில் காற்றாட இருக்கும்போதோ சமைத்து முடித்துவிடு. சூடான பண்டத்தைவிட ஆறிய பண்டத்துக்கு மணம் குறைவு என்பதால், குளிர்ந்த தயிர்ச்சோறு, நீராகாரம், ஆறிய இட்லி, மாதுளை முத்துக்கள் போன்றவை பலருக்கு உள்ளே இறங்கும்.

வயிறு காலியாக இருந்தாலும் குமட்டும், நிறைந்தாலும் குமட்டும். ஆகவே மூன்று வேளைச் சாப்பாடு என்ற முறையைக் கொஞ்ச காலத்துக்கு மறந்துவிட்டு, இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை இரண்டு வாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். பொரி, பொட்டுக்கடலை, ரஸ்க் இவற்றை ஒரு டப்பாவில் போட்டுத் தலைமாட்டில் வை. காலையில் கண் விழித்ததும் படுத்தபடியே இரண்டு வாய் மென்றுவிட்டு, கால் மணி நேரம் கழித்து மெல்ல எழுந்திருக்கட்டும். எண்ணெயும் காரமும் மிகுந்தவை வயிற்றில் வெகு நேரம் தங்குவதால் தொல்லை கூடும். சாப்பாட்டோடு சேர்த்துத் தண்ணீர் குடிக்காமல், இடையிடையே மடக்கு மடக்காகக் குடிப்பது நல்லது. வெறும் தண்ணீரே குமட்டுகிறது என்பவர்கள் உப்பிட்ட எலுமிச்சைச் சாறு, நீர்மோர், இளநீர், மருந்துக் கடையில் கிடைக்கும் ஓ.ஆர்.எஸ். கரைசல் என்று மாற்றிப் பார்க்கலாம். சிலருக்குப் பனிக்கட்டியைச் சப்புவது மட்டுமே முடியும், அதுவும் தண்ணீர்தான். இஞ்சி பலருக்குக் குமட்டலைக் குறைக்கிறது. இஞ்சித் துண்டு போட்டுக் கொதிக்க வைத்த நீரை ஆற வைத்துக் கொடு, அல்லது இஞ்சி மரப்பா வாங்கி வை. ஆனால் நெஞ்சு எரிகிறது என்று அவள் சொன்னால் நிறுத்திவிடு. நார்த்தங்காய் ஊறுகாயை நக்கினால்தான் வாய் விளங்குகிறது என்றால் நக்கட்டும். நாட்டு மருந்துக் கடையில் யாராவது கட்டிக் கொடுக்கும் கஷாயப் பொடி மட்டும் வேண்டாம். அதில் என்ன சேர்ந்திருக்கிறது என்று உனக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.

இரண்டு உயிருக்குச் சாப்பிட வேண்டும் என்று சொல்லி அவளை வற்புறுத்தாதே. இந்த வாரத்தில் கருவின் நீளம் ஏறத்தாழ ஒன்றரை முதல் இரண்டு சென்டிமீட்டர்தான். அதற்கு இப்போது தேவைப்படும் உணவு மிகவும் கொஞ்சம். இரண்டு மாதம் சரியாகச் சாப்பிடவில்லை என்பதால் பிள்ளை வாடிவிடாது. பிறகு பசி எடுக்கும்போது ஈடு செய்துகொள்ளலாம். இந்த மூன்று மாதங்களில் விடக்கூடாதது ஃபோலிக் அமில மாத்திரை. இரும்புச்சத்து மாத்திரையும் சேர்த்துக் கொடுத்திருந்து, அதை விழுங்கிய பிறகு வாந்தி கூடுகிறது என்றால் மருத்துவரிடம் சொல்; நம் நாட்டு அரசுத் திட்டத்திலேயே முதல் மூன்று மாதம் ஃபோலிக் அமிலமும் நான்காம் மாதத்திலிருந்து இரும்புச்சத்தும் கொடுப்பதுதான் முறை. இன்னொன்று, வாந்தி எடுத்தவுடன் பல் துலக்க வேண்டாம். வயிற்று அமிலம் பட்ட பல்லை உடனே தேய்த்தால் பல்லின் மேல்பூச்சான எனாமல் கரையும். சிட்டிகை சமையல் சோடா கலந்த நீரில் கொப்பளித்துவிட்டு, அரை மணி கழித்துத் துலக்கலாம்.

இப்போது மருந்தைப் பற்றிச் சொல்ல வேண்டும், ஏனென்றால் மருத்துவர் எழுதிக் கொடுத்த மாத்திரையைப் பயந்துகொண்டு பிரிக்காமலே வைத்திருக்கிறீர்கள் என்று நீ சொன்னது எனக்குக் கவலையாக இருக்கிறது. அந்தப் பயத்துக்கு ஒரு வரலாறு இருக்கிறது. 1957-இல் மேற்கு ஜெர்மனியில் விற்பனைக்கு வந்த தாலிடோமைடு என்ற மருந்தை மசக்கைக்கும் கொடுத்தார்கள். கை கால் வளர்ச்சியில்லாத பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகள் பல நாடுகளில் பிறந்த பிறகு, 1961 இறுதியில்தான் அதை ஜெர்மனியில் திரும்பப் பெற்றார்கள். அந்தத் துயரத்தை உலகம் மறக்கக் கூடாது. ஆனால் உங்களிடம் இருப்பது அது அன்று. டாக்ஸிலமினும், பைரிடாக்சின் என்னும் பி6 வைட்டமினும் சேர்ந்த இந்த மாத்திரையின் மீதும் அமெரிக்காவில் வழக்குகள் வந்தன. அவற்றின் செலவு தாங்காமல் 1983-இல் நிறுவனமே விற்பனையை நிறுத்தியது. ஆனால் இலட்சக்கணக்கான பெண்களைப் பற்றிய தரவுகளை ஆராய்ந்தும், அது கருவைப் பாதிக்கிறது என்பதற்குச் சான்று கிடைக்கவில்லை. 2013-இல் அதே கூட்டு மருந்துக்கு அங்கே மறுபடியும் ஒப்புதல் கொடுத்தார்கள். இராத்திரி படுக்கும்போது போட்டுக்கொண்டால் காலையில் வேலை செய்யும். தூக்கக் கலக்கம் வரும் என்பதால், எடுத்துக்கொள்ளும் நாட்களில் அவள் ஸ்கூட்டர் ஓட்ட வேண்டாம். அதிலும் அடங்கவில்லை என்றால் வேறு மருந்துகள் இருக்கின்றன. அவற்றை மருத்துவர் முடிவு செய்யட்டும். நீயாகக் கடையில் கேட்டு வாங்காதே.

இனி எழுதுவதை மட்டும் தனியாகக் குறித்து வைத்துக்கொள். ஒரு நாள் முழுவதும் தண்ணீர்கூடத் தங்கவில்லை, எட்டு மணி நேரமாகச் சிறுநீர் போகவில்லை அல்லது தேநீர் நிறத்தில் கொஞ்சமாகப் போகிறது, எழுந்து நின்றால் கண் இருட்டுகிறது, வாந்தியில் இரத்தம் தெரிகிறது, வயிறு வலிக்கிறது, காய்ச்சல் அடிக்கிறது, இவற்றில் ஏதாவது ஒன்று வந்தால் விடியட்டும் என்று காத்திருக்காமல் மருத்துவமனைக்குக் கூட்டிக்கொண்டு போ. வண்டி கிடைக்காவிட்டால் நீங்கள் இருக்கும் புனேயிலும் 108 ஆம்புலன்ஸை அழைக்கலாம். வாரத்துக்கு ஒரு முறை எடை பார்த்து எழுதி வை. கருவுறுவதற்கு முன் இருந்த எடையில் நூற்றுக்கு ஐந்து பங்கு குறைந்துவிட்டால் அது சாதாரண மசக்கை இல்லை. அவள் ஐம்பத்திரண்டு கிலோ இருந்தாள் என்றால், நாற்பத்தொன்பதரைக்குக் கீழே இறங்குவது அபாய அறிகுறி. மருத்துவர்கள் அதை ஹைப்பர்எமெசிஸ் கிராவிடேரம் என்பார்கள். சாப்பாடு இல்லாமல் உடம்பு தன் கொழுப்பையே எரிக்கும்போது உண்டாகும் கீட்டோன் சிறுநீரில் இருக்கிறதா, இரத்தத்தில் சோடியமும் பொட்டாசியமும் குறைந்திருக்கின்றனவா என்று சோதித்து, உப்பு நீர் ஏற்றுவார்கள். தைராய்டையும் பார்ப்பார்கள், ஸ்கேனில் இரட்டையா என்றும் பார்ப்பார்கள். நம் ஊர்ப் பக்கம் சோர்ந்து படுத்தவுடன் ஒரு பாட்டில் குளுகோஸ் ஏற்றச் சொல்லுவது வழக்கம். பல நாள் சாப்பிடாமல் வாந்தி எடுத்த உடம்பில் தயமின் என்னும் பி1 வைட்டமின் தீர்ந்துபோயிருக்கும். அதைக் கொடுக்காமல் குளுகோஸை மட்டும் ஏற்றினால் மூளை பாதிக்கப்படலாம். குளுகோஸுக்கு முன்னால் தயமின் கொடுத்தாகிவிட்டதா என்று மரியாதையாக, ஆனால் தயங்காமல் கேள். நல்ல மருத்துவர் அதைத் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார்.

அலுவலகத்தில் அவள் விடுப்புக் கேட்கக் கூச்சப்படுகிறாள் என்றாய். பிரசவ விடுப்பில் கை வைக்காமலேயே, கருவுற்றதால் வரும் நோய்க்காகச் சான்றிதழ் கொடுத்து ஒரு மாதம் வரை ஊதியத்தோடு விடுப்பு எடுக்கும் உரிமை 1961-ஆம் ஆண்டு மகப்பேறு நலச் சட்டம் வந்த காலம் தொட்டே இருக்கிறது. அதை யாரும் தாமாக எடுத்துச் சொல்ல மாட்டார்கள். மருத்துவரிடம் சான்றிதழ் வாங்கி நீங்களே கேளுங்கள்.

பிள்ளை உண்டாகியிருக்கிறது என்று வீடே மகிழும்போது, தன்னால் மகிழ முடியவில்லையே என்ற குற்ற உணர்ச்சி இந்தப் பெண்களை உள்ளுக்குள் அரிக்கும். வேண்டிப் பெற்ற கருவையே வெறுத்துப் பேசி, பிறகு அழுத பெண்களை நான் அறிவேன். அவர்கள் நல்ல தாய்களாகத்தான் ஆனார்கள். அவள் அப்படி ஏதாவது சொன்னால் அதிர்ந்து போகாதே, அறிவுரையும் சொல்லாதே. வாந்தி எடுக்கும்போது முடியை விலக்கிப் பிடித்துக்கொள், வாளியை நீயே கழுவி வை, பக்கத்தில் இரு. நாள் முழுவதும் அழுகையாகவே இருக்கிறாள், வாழ்வதே வேண்டாம் என்கிறாள் என்றால் அன்றைக்கே மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும்.

புதுக்கோட்டைச் சம்பந்தி வீட்டில் அவளை ஊருக்கு அழைத்துக்கொள்ள விரும்புகிறார்கள் என்று கேள்விப்பட்டேன். தாய் வீட்டுக்குப் போக அவள் ஆசைப்பட்டால் மருத்துவரைக் கேட்டுக்கொண்டு அனுப்பு. இந்த நிலையில் இரண்டு நாள் இரயில் பயணம் வேண்டாம் என்று அவள் நினைத்தால், சம்பந்தி அம்மாவிடம் நான் பேசிக்கொள்கிறேன். நான் புனேக்கு வருவதும் அப்படித்தான். எனக்கு வரத் தடை ஒன்றும் இல்லை, ஆனால் வீட்டில் இன்னொரு ஆள் நடமாடுவதும் என் கைச் சமையலின் வாசனையும் அவளுக்கு இப்போது பாரமாக இருக்கலாம். நான் கேட்டேன் என்று சொல்லாமல், நீ கேட்பதாக அவளைக் கேட்டுப் பார். வரட்டும் என்றால் பயணச்சீட்டு எடுக்கிறேன், பிறகு பார்க்கலாம் என்றால் அதுவும் எனக்குச் சம்மதமே. இந்த வாரம் எடை பார்த்ததும் எவ்வளவு இருக்கிறது என்று எனக்கு எழுது.

இப்படிக்கு,
அன்புள்ள அம்மா