பேண்டு வகுப்பை ஆகஸ்ட் 15-க்காக மட்டும் எழுப்பாதீர்கள்

எங்கள் பள்ளி நிர்வாகக் குழுவினருக்கும் பெற்றோர் ஆசிரியர் கழகத்தாருக்கும்,

வணக்கம். நான் இந்தப் பள்ளியில் சம்பளம் வாங்குகிறவள் இல்லை. ஜூன் மாதத்திலிருந்து வாரம் இரண்டு நாள் பேண்டு வகுப்பின் பின்வரிசையில் உட்கார்ந்து பார்க்கிறேன். பேண்டு மாஸ்டருக்குக் கையாளாகவும் இருக்கிறேன். அடுத்த ஆண்டு எட்டாம் வகுப்பின் பேண்டு பீரியடைக் கணக்குக்குக் கொடுத்துவிட்டு, ஜூலையில் மட்டும் பிள்ளைகளைக் கூட்டிப் பயிற்சி கொடுத்தால் போதும் என்று பேச்சு அடிபடுகிறது. நீங்கள் முடிவெடுக்கும் முன் பின்வரிசையிலிருந்து பார்த்ததைச் சொல்லிவிடுகிறேன்.

முதல் மாதம் மாஸ்டர் என்னை எதையும் தொடவிடவில்லை. நோட்டு ஒன்றை வைத்துக்கொண்டு யார் யார் எங்கே தப்பு விட்டார்கள் என்று பக்கம் பக்கமாக எழுதினேன். வாங்கிப் பார்த்துச் சிரித்தார். "தப்பு எனக்கே கேக்குதும்மா. ஏன் தப்பாகுதுன்னு பாருங்க."

அப்புறம்தான் கண் திறந்தது. டிரம்பெட் வாசிக்கும் ஒரு பெண், மேல் சுரம் வரும்போதெல்லாம் மவுத்பீஸை உதட்டில் வைத்து அழுத்துகிறாள். வகுப்பு முடிந்தால் உதட்டில் சிவப்பாக வளையம். மூச்சு வயிற்றிலிருந்து வராததால் அழுத்தத்தை வைத்துச் சமாளிக்கிறாள். பேஸ் டிரம் பையன் தாளம் தெரியாதவன் இல்லை. மாஸ்டர் கையைப் பார்க்காமல் சிம்பல் அடிக்கும் நண்பனைப் பார்க்கிறான், அதனால் எப்போதும் ஒரு இழை பின்தங்குகிறான். நான் செய்த உதவி, அவன் ஸ்டாண்டை நான்கடி தள்ளிப் போட்டதுதான். மறுவாரமே தாளம் நேரானது.

இப்போது குளிர். குன்னூர் மார்கழிக் காலை எப்படி இருக்கும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. நம் பேண்டு பீரியடு அந்த நேரத்தில், முதல் பீரியடாக, தகரக் கூரைக்குக் கீழே நடக்கிறது. குளிர்ந்த காற்றில் ஒலி மெதுவாகப் போகும்: பத்து டிகிரி குறைந்தால் நொடிக்கு சுமார் 6 மீட்டர் குறைவு. குழலுக்குள் இருக்கும் காற்று அவ்வளவு குளிர்ந்திருந்தால் டிரம்பெட், கிளாரினெட் இரண்டின் சுருதியும் ஏறத்தாழ அரைச் சுரத்தில் (ஆர்மோனியத்தில் அடுத்தடுத்த இரண்டு கட்டைகளின் இடைவெளி) மூன்றில் ஒரு பங்கு இறங்கிவிடும். ஊத ஊதத்தான் ஏறும், அதுவும் எல்லோருக்கும் ஒரே வேகத்தில் ஏறாது. அதனால் முதல் பத்து நிமிடம் சத்தமே இல்லாமல் வெறும் காற்றை ஊதச் சொல்கிறார் மாஸ்டர். வெளியே நின்று பார்ப்பவருக்குப் பிள்ளைகள் சும்மா உட்கார்ந்திருப்பதுபோலத் தெரியும். உங்களில் ஒருவர் அப்படிச் சொன்னதாகக் கேள்விப்பட்டேன், வருத்தம்தான்.

ஜூலை யோசனைக்கு வருகிறேன். ஊதுகிறவனுக்கு உதடு ஒரு தசை. கோடை விடுமுறை முடிந்து ஜூனில் வந்தபோது, போன வருடம் நன்றாக வாசித்த பிள்ளைகளாலேயே ஒரு சுரத்தை நான்கு அட்சரம், அதாவது நான்கு எண்ணும் வரை, நீட்டிப் பிடிக்க முடியவில்லை. பழைய நிலைக்கு வர ஆகஸ்ட் ஆகிவிட்டது. பழகியவர்கள் கதையே இப்படி. புதிதாகக் கையில் எடுக்கும் பிள்ளை நான்கு வாரத்தில் என்ன செய்யும்? தேசிய கீதத்துக்கு சுமார் 52 விநாடி. அதை முழுசாக, கடைசி வரி தேயாமல் ஊத இந்தப் பிள்ளைகளுக்கு ஒரு வருட உதடு வேண்டியிருந்தது. ஜூலை பேண்டில் டிரம் சத்தம் இருக்கும், ஊதல் இருக்காது.

"பேண்டெல்லாம் நம் மலைக்கு எதற்கு" என்றும் ஒரு குரல் கேட்டது. குழலும் கொம்பும் பறையுமாக நம் நீலகிரிப் பழங்குடிகளான கோத்தர்கள், அக்கம்பக்கத்துத் தோதவர் வீட்டுச் சாவுக்கும் படகர் வீட்டுச் சாவுக்கும் வாசித்த மலை இது. பக்கத்து வெலிங்டனில் ராணுவ பேண்டு கேட்டு வளர்ந்தவர்கள் நம்மிலேயே எத்தனை பேர். அந்தக் கேள்விக்கு இவ்வளவு போதும்.

பணம் பற்றியும் ஒரு வார்த்தை. சரிகை வைத்த புதுச் சீருடைக்கு ஒதுக்கியிருக்கிறீர்கள், நல்லது. ஆனால் கிளாரினெட் ரீடுகள் (ஊதும் வாயில் பொருத்தும் மெல்லிய பட்டைகள்) நுனி உடைந்து கிடக்கின்றன, இரண்டு டிரம்பெட்டின் வால்வு எண்ணெய் இல்லாமல் ஒட்டிக்கொள்கிறது. தோல் போர்த்திய பழைய பேஸ் டிரம் பனிமூட்டம் இறங்கினாலே தொய்ந்து "தொப்" என்கிறது. வெயில் வரும் நாளில் வாசலில் வைத்துக் காய வைக்கிறோம். சீருடையை ஒரு வருடம் தள்ளிப்போடுங்கள்.

நான் கேட்பது இவ்வளவுதான்: பீரியடை எடுக்காதீர்கள், மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு மாற்றிக்கொடுங்கள். கணக்கு ஆசிரியருக்கும் காலையில் பிள்ளைகள் தூங்காமல் கிடைப்பார்கள்.

கூட்டத்துக்கு முன் யாராவது ஒருவர் வந்து ஒரு வகுப்பு பாருங்கள். எனக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலி போட்டு வைக்கிறேன். குடை கொண்டு வாருங்கள், அந்த மூலையில் கூரை ஒழுகுகிறது.

இப்படிக்கு,
பின்வரிசை அக்கா