முதல்நாள் கூட்டத்தை வைத்து ஹொக்கி அணிக்குக் கணக்குப் போடாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

ஹமில்ற்றனுக்கும் கியூபெக் நகருக்கும் என்.எச்.எல். (வட அமெரிக்காவின் முதன்மை ஹொக்கி லீக்) அணி கொடுக்காமல் வைத்திருப்பது அநியாயம் என்ற பேச்சு ஹொக்கி பார்க்கும் எங்கள் ஆட்களிடையே அடிக்கடி எழுகிறது. ரசிகர்கள் இருக்கிறார்கள், அரங்கும் இருக்கிறது, பிறகென்ன தடை என்பதே வாதம். ரசிகர்கள் இருப்பதில் எவருக்கும் சந்தேகமில்லை. ஆனால் ஓர் அணி ஓர் ஊரில் தங்குமா, மூட்டை கட்டுமா என்பதைத் தீர்மானிக்கும் எண்கள் வேறு. அவற்றைப் படிக்க வின்னிபெக்கைவிட நல்ல இடம் இல்லை. 1996இல் அந்த ஊர் தன் ஜெற்ஸ் அணியை பீனிக்ஸிடம் இழந்தது. 2011இல் அற்லான்ராவின் அணியைத் தனக்கென்று கொண்டுவந்தது.

முதலில் ஒரு வகுத்தல் கணக்கு. சொந்த ஊரில் ஒரு பருவத்துக்கு 41 ஆட்டங்கள். வின்னிபெக் அரங்கில் 15,000 இருக்கைகளுக்குச் சற்று மேல். ஆகவே ஆண்டுக்கு ஏறத்தாழ 6 இலட்சத்து 15 ஆயிரம் ரிக்கற்றுகள் விற்கவேண்டும். 2021 குடிமதிப்பின்படி வின்னிபெக் பெருநகரின் மக்கள்தொகை 8 இலட்சத்து 34 ஆயிரம். குழந்தைகள், முதியோர் எல்லாரையும் சேர்த்து நாலு பேருக்கு மூன்று ரிக்கற். ரொறன்ரோவிலோ 18,800 இருக்கைகள், 62 இலட்சம் மக்கள். எட்டுப் பேருக்கு ஒரு ரிக்கற் விற்றாலே அரங்கு நிறைந்துவிடும். ரொறன்ரோ அணியான லீவ்ஸ் எத்தனை ஆண்டு தோற்றாலும் இருக்கை காலியாகாததன் மர்மம் இவ்வளவுதான். 2026-27 பருவத்திலிருந்து வெளியூரையும் சேர்த்த மொத்த ஆட்டங்கள் 82இலிருந்து 84 ஆகின்றன. அதாவது சொந்த ஊரில் இன்னும் ஓர் இரவு.

அடுத்தது டொலர். பலர் தவறவிடும் இடம் இது. வீரர் சம்பளம் முழுவதும் அமெரிக்க டொலரில். வாசலில் வசூலாவது கனடிய டொலரில். கியூபெக் நோர்டிக்ஸ் டென்வருக்குப் போன 1995இல் கனடிய டொலர் 73 அமெரிக்கச் சதத்தை ஒட்டியே நின்றது. ஓர் அணி தன் வீரர்களுக்கு மொத்தமாகக் கொடுக்கக்கூடிய சம்பளத்துக்கு உச்சவரம்பும் அப்போது கிடையாது. அடுத்த ஆண்டு ஜெற்ஸ் போனதும் ஏறக்குறைய அதே நெருக்கடியில்தான். 2004-05 பருவம் முழுவதும் முடங்கிய பிறகே உச்சவரம்பு வந்தது. 2011இல் ஜெற்ஸ் திரும்பியபோது இரண்டு டொலரும் சமமதிப்பில் நின்றன, உச்சவரம்பு 64.3 மில்லியன். இதைவிட நல்ல நேரம் வின்னிபெக்குக்கு அமைந்திருக்க முடியாது.

2025-26இல் உச்சவரம்பு 95.5 மில்லியன். கனடிய டொலரை 72 சதம் என்று வைத்தால், அந்தச் சம்பளத்துக்கு 132.6 மில்லியன் கனடிய டொலர் வேண்டும். நாணய வித்தியாசம் மட்டும் 37 மில்லியன். அதை 6 இலட்சத்து 15 ஆயிரம் ரிக்கற்றால் வகுத்துப் பாருங்கள்: ஒவ்வோர் இருக்கைக்கும் ஒவ்வோர் இரவும் 60 டொலர். குறைந்தபட்சச் சம்பள வரம்பான 70.6 மில்லியனோடு சிக்கனமாக ஓட்டினாலும் 45 டொலர் வரும். லீக் பகிரும் அமெரிக்கத் தொலைக்காட்சிப் பணம் அமெரிக்க டொலரில் வருவதால் ஒரு பகுதி ஈடாகும். ஆனால் மீதியை ஊர்தான் சுமக்கவேண்டும். உச்சவரம்பும் நிற்கப்போவதில்லை. 2026-27க்கு 104, அதற்கடுத்த பருவத்துக்கு 113.5 மில்லியன் என்று ஏற்கனவே அறிவித்துவிட்டார்கள்.

இனி எல்லோரும் மேற்கோள் காட்டும் அந்த 17 நிமிடங்கள். மார்க் சிப்மனும் டேவிட் தொம்சனும் நடத்தும் ட்ரூ நோர்த் நிறுவனம் அற்லான்ரா அணிக்காக மொத்தம் 170 மில்லியன் அமெரிக்க டொலர் கொடுத்தது. அதில் 60 மில்லியன் இடமாற்றக் கட்டணமாக லீக்குக்குப் போனது. லீக்கின் ஒப்புதலுக்கு முன் 13,000 பருவகால ரிக்கற்றுகள் விற்றுக் காட்டுவது இலக்கு. ஊரில் ஏற்கனவே ஆடிய மூஸ் என்ற இரண்டாம்நிலை அணியின் வாடிக்கையாளர்களுக்கு முதலில் கொடுத்தார்கள். ஜூன் 4ஆம் தேதி பொதுமக்களுக்குத் திறந்தபோது மீதி 17 நிமிடங்களில் தீர்ந்தது. மூன்று முதல் ஐந்து ஆண்டு ஒப்பந்தங்கள். அதன்பின் காத்திருப்புப் பட்டியல் வேறு.

அந்த 13,000 பருவகால ரிக்கற் 2023-24இல் 9,500க்குக் கீழே வந்தது. மூன்றே ஆண்டுகளில் 27 வீத வீழ்ச்சி. அணி மோசமாக ஆடியதால் என்று சொல்லவும் முடியாது. அந்தப் பருவத்தில் ஜெற்ஸ் 52 வெற்றி, 110 புள்ளிகள். இந்த நிலை நீண்டகாலத்துக்குச் சரிவராது என்று சிப்மனே வெளிப்படையாகச் சொன்னார்.

ஏன் விழுந்தது? இருக்கைகளில் பெரும்பகுதி தனிநபர் கையில் இருந்தது. நிறுவனங்களின் பங்கு மிகச் சிறிது. தனிநபர் வாங்கும் பருவகால ரிக்கற் பெரும்பாலும் இரண்டு மூன்று குடும்பங்கள் கூடி வாங்குவது. ஒருவர் வேலை மாறினாலோ வட்டி ஏறினாலோ கூட்டு உடைந்து முழு இருக்கையும் திரும்பி வரும். கொரோனாக் காலத்தில் அரங்கு மூடியதும், 41 இரவு போகாமலும் வாழலாம் என்று பலருக்குத் தெரிந்துவிட்டது. மறுவிற்பனைத் தளத்தில் செவ்வாய்க்கிழமை ஆட்டத்துக்கு மலிவாக இருக்கை கிடைக்கும்போது முழுப் பருவத்துக்கும் முன்பணம் எதற்கு? காத்திருப்புப் பட்டியலில் பெயர் கொடுத்தவர்களும் இதே கணக்கைத்தான் போடுவார்கள். தலைமை அலுவலகங்கள் நிறைந்த ரொறன்ரோவிலோ கல்கரியிலோ அந்த இருக்கை வாடிக்கையாளர் உபசரிப்புச் செலவில் போய்விடும். தை மாதக் குளிரில் யாரும் வராவிட்டாலும் காசு கட்டியாகிவிட்டது.

பெரிய ஊர் என்றால் பாதுகாப்பு என்றும் எண்ணவேண்டாம். ஐம்பது இலட்சத்துக்கு மேல் மக்கள் வாழும் அற்லான்ரா வட்டாரம் இரண்டு அணிகளை இழந்தது, இரண்டுமே கனடாவுக்கு: 1980இல் கல்கரிக்கு, 2011இல் வின்னிபெக்குக்கு. இரண்டாம் முறை அங்கே உரிமையாளர்கள் தமக்குள் சண்டை பிடித்தார்கள். அணியை அங்கேயே வைத்து நடத்த வாங்குவாரும் இல்லை. மறுபக்கம் கிரீன் பே. ஒரு இலட்சத்துச் சொச்சம் பேர் வாழும் ஊரில் அமெரிக்கக் காற்பந்து அணி. ஆனால் அங்கே பருவத்துக்கு எட்டு ஒன்பது ஆட்டம்தான். 2023 பருவத்தில் லீக் அணிகளுக்குப் பகிரும் பங்காக மட்டும் 402 மில்லியன் டொலர் வந்தது. ஹொக்கியில் ரொஜர்ஸ் நிறுவனத்தின் புதிய கனடா ஒளிபரப்பு உரிமம் 12 ஆண்டுக்கு 11 பில்லியன் கனடிய டொலர். 32 அணிகளால் வகுத்தால் ஆண்டுக்கு 29 மில்லியன்கூட இல்லை. கிரீன் பேயைக் காட்டிச் சிறு நகரங்களுக்காக வாதாடுபவர்கள் இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கட்டும்.

கியூபெக் நகர மக்கள்தொகை வின்னிபெக்கை ஒட்டியதே. 2015இல் அங்கே சுமார் 370 மில்லியன் பொதுப் பணத்தில் 18,000 இருக்கை அரங்கு எழுந்தது. அணி வரவில்லை. லீக் புது அணி சேர்த்தபோது லாஸ் வேகாஸ் தேர்வானது, கியூபெக் பின்போடப்பட்டது. டொலரின் சரிவும் கிழக்குப் பிரிவில் ஏற்கனவே இருந்த கூடுதல் அணிகளும் காரணமாகச் சொல்லப்பட்டன. 2024இல் லொஸ் ஏஞ்சலஸ் கிங்ஸ் இரண்டு பயிற்சி ஆட்டம் ஆடுவதற்கு மாகாண அரசு 5 முதல் 7 மில்லியன் வரை ஒதுக்கியது. அரங்கை முதலில் கட்டினால் பேரம் பேசும் பலம் எதிராளியின் கைக்குப் போகிறது.

ஹமில்ற்றன் நிலை வேறு. அங்கே தடை சந்தையல்ல, 50 மைல் எல்லை: ஒவ்வோர் அணிக்கும் தன் ஊரைச் சுற்றி உள்ள உரிமை வட்டம். ரொறன்ரோவும் பஃபலோவும் அந்த வட்டத்துக்குள் நிற்கின்றன. 2009இல் ஜிம் பல்சிலி பீனிக்ஸ் அணியைத் திவால் நீதிமன்றம் வழியாக வாங்கி ஹமில்ற்றனுக்குக் கொண்டுவர முயன்றார். நீதிபதி மறுத்தார். என் கணிப்பில் மூன்று ஊர்களிலும் கணக்கு நிற்கக்கூடியது ஹமில்ற்றனுக்குத்தான். லீவ்ஸுக்கு அது தெரியாமலா இருக்கும்?

எந்த நகரசபையாவது அணி தேடினால் சில விடயங்களை எழுத்தில் கேட்கட்டும். கனடிய டொலர் 65 சதத்துக்கு விழுந்தால் வரவுசெலவு எப்படி நிற்கும்? பருவகால ரிக்கற்றில் நிறுவனங்கள் எத்தனை, ஐந்தாண்டு ஒப்பந்தம் முடிந்த ஆறாம் ஆண்டில் எத்தனை பேர் புதுப்பிப்பார்கள்? இசைநிகழ்ச்சி வருமானமும் வாகனத் தரிப்பிடக் காசும் யாருக்கு? உரிமையாளர் அணியைப் பெயர்க்கமாட்டேன் என்று தனி ஒப்பந்தத்தில் கையெழுத்திடுவாரா? எட்மன்ரன் நகரம் தன் புதிய அரங்குக்கு 35 ஆண்டுக் கட்டுப்பாடு வாங்கியது. பேச்சுவார்த்தை நடுவில், 2012இல், உரிமையாளர் டரில் கட்ஸ் சியற்றிலுக்கு ஒரு பயணம் போய் வந்தார். ஊர் கொதித்ததும் பத்திரிகையில் முழுப்பக்க விளம்பரம் போட்டு மன்னிப்புக் கேட்டார். அப்படிப் பயணம் போக இடம் வைக்காத வாசகத்தை அரங்குக்கு அத்திவாரம் வெட்டுமுன் எழுதிவிடவேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
ஸ்காபரோ