கோடு போட்ட படத்தை வைத்துத் தீர்ப்பு எழுதலாமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஐரோப்பியக் கால்பந்தில் ஏதாவது ஒரு கோல் சர்ச்சையானால், மறுநாள் நம் நாளிதழ்களின் விளையாட்டுப் பக்கத்தில் ஒரு படம் வந்துவிடுகிறது. தொலைக்காட்சிக் காட்சியை நிறுத்தி எடுத்த படம், அதன் மேல் ஒரு சிவப்புக் கோடு, கீழே ‘இது ஆஃப்சைடா?’ என்ற கேள்வி. (சக வீரர் பந்தை உதைக்கும் கணத்தில், தாக்கும் வீரர் பந்தையும் எதிரணியின் கடைசிக்கு முந்தைய ஆளையும் தாண்டி கோலுக்கு அருகில் இருப்பதுதான் ஆஃப்சைட்.) அந்தக் கோட்டை நம்பி எந்த முடிவுக்கும் வர முடியாது. வீடியோ பார்த்து நடுவருக்கு உதவும் விஏஆர் முறை பெரிதாகச் சறுக்கிய இடமும் அந்தக் கோட்டில் இல்லை.

முதலில் படம். 2022 டிசம்பர் 1, கத்தார் உலகக் கோப்பை, ஜப்பான்–ஸ்பெயின் ஆட்டம். எல்லைக்கோட்டருகே ஜப்பானின் மிட்டோமா திருப்பித் தட்டிய பந்தைச் சக வீரர் தனாகா வலைக்குள் தள்ளினார். பந்து வெளியே போய்விட்டது என்று மைதானத்தில் முதலில் முடிவெடுத்தார்கள். வீடியோ அறை பார்த்த பிறகு கோல் கொடுக்கப்பட்டது. ஜப்பான் 2–1 என்று வென்றது, அதனால் அதே பிரிவில் இருந்த ஜெர்மனி ஊருக்குக் கிளம்பியது. பந்துக்கும் கோட்டுக்கும் நடுவே பச்சைப் புல் தெரியும் படம் உலகம் முழுக்கச் சுற்றியது. ஆனால் கால்பந்துச் சட்டத்தின் விதி 9 கேட்பது, முழுப் பந்தும் முழுக் கோட்டையும் தாண்டியதா என்பதை. பந்தின் சுற்றளவு 68 முதல் 70 செ.மீ., அதாவது விட்டம் ஏறக்குறைய 22 செ.மீ. பந்து தரையைத் தொடும் புள்ளி கோட்டின் வெளிவிளிம்பைத் தாண்டி 10 செ.மீ. போயிருந்தாலும் பந்தின் வயிற்றுப் பகுதி கோட்டுக்கு மேலேதான் இருக்கும். நேர் மேலே இருக்கும் கேமராவுக்கு அது தெரியும். தாழ்வான பக்கவாட்டுக் கேமராவுக்குப் புல்தான் தெரியும்.

ஆஃப்சைடில் சிக்கல் இன்னும் கூடும். தலை, தோள், முழங்கால், கால் என்று கோல் போடத்தக்க எந்த உறுப்பும் கணக்கில் வரும். கை மட்டும், அக்குளின் அடிப்பகுதிவரை, வராது. முன்னே சாய்ந்து ஓடும் ஆட்டக்காரரின் தோள் காற்றில் இருக்கிறது. அதை நேர் கீழே இறக்கித் தரையில் எந்த இடம் என்று குறித்த பிறகுதான் கோடு போட முடியும். அதற்கு அந்தக் கேமராவை மைதானத்தின் அளவுகளோடு முன்கூட்டியே பொருத்தியிருக்க வேண்டும். நாளிதழ் மேசையில் காலடியிலிருந்து இழுக்கும் கோட்டில் இது எதுவுமே இல்லை.

அடுத்தது, எந்த நொடியில் படத்தை நிறுத்துவது என்பது. நொடிக்கு 50 படம் எடுக்கும் கேமராவில் ஒரு படத்துக்கும் அடுத்ததற்கும் இடைவெளி 0.02 நொடி. நொடிக்கு 8 மீட்டர் வேகத்தில் ஓடும் முன்கள வீரர் அதற்குள் 16 செ.மீ. நகர்ந்துவிடுவார். அதே நேரத்தில் தடுப்பாட்டக்காரர் எதிர்த்திசையில் நொடிக்கு 4 மீட்டர் ஏறினால் இன்னொரு 8 செ.மீ. பந்தை உதைத்த கணமாக ஒரு படம் முன்னதை எடுத்தால் ஆன்சைட், பின்னதை எடுத்தால் ஆஃப்சைட். கத்தாரில் பந்துக்குள்ளேயே நொடிக்கு 500 முறை தகவல் அனுப்பும் சென்சாரை வைத்தது இதற்காகத்தான். கூரைக்கடியில் இருந்த 12 கேமராக்கள் ஒவ்வொரு வீரரின் உடலிலும் 29 புள்ளிகளைப் பின்தொடர்ந்தன. இங்கிலாந்து பிரீமியர் லீகுக்குப் பாதி தானியங்கியான ஆஃப்சைட் முறை வந்தது 2025 ஏப்ரலில்தான். இவ்வளவு கருவிகள் செய்யும் வேலையை ஒற்றைப் படத்தில் நாம் செய்து முடித்துவிடுகிறோம்!

இனி, சறுக்கிய இடம். 2023 செப்டம்பர் 30, பிரீமியர் லீகில் டோட்டன்ஹாம்–லிவர்பூல். ஆட்டம் 0–0, 34-ஆவது நிமிடம். லிவர்பூல் ஏற்கெனவே பத்துப் பேரோடு ஆடிக்கொண்டிருந்தது. லிவர்பூலின் லூயிஸ் டியாஸ் கோல் போட, துணை நடுவர் ஆஃப்சைட் கொடி தூக்கினார். லண்டன் ஸ்டாக்லி பார்க் அறையில் இருந்த வீடியோ நடுவர் காட்சியைப் பார்த்தார், டியாஸ் ஆன்சைட் என்பதைச் சரியாகவே கண்டார். பிறகு ‘செக் கம்ப்ளீட்’ (சரிபார்த்தாயிற்று) என்றார். மைதானத்தில் கோல் கொடுத்திருக்கிறார்கள் என்று அவர் நினைத்துக்கொண்டிருந்தார். மைதானத்து நடுவர் காதில் விழுந்தது, தன் முடிவு சரி, அதாவது ஆஃப்சைட் சரி என்று. ஃப்ரீ கிக் எடுக்கப்பட்டது, ஆட்டம் தொடர்ந்தது.

அறையில் அதை முதலில் பிடித்தவர் நடுவர்களில் ஒருவரும் அல்ல, காட்சிகளை ஓட்டிக்கொண்டிருந்த தொழில்நுட்ப ஆள்தான். மைதானத்து முடிவு ஆஃப்சைட் ஆயிற்றே, இது சரிதானா என்று அவர் கேட்டார். ஆட்டத்தை நிறுத்துங்கள் என்ற குரலும் வந்தது. ஆட்டம் தொடங்கிவிட்டது, இனி ஒன்றும் செய்ய முடியாது என்று வீடியோ நடுவர் கைவிட்டார். விதிப்படி அவர் சொன்னது சரி. ஆட்டம் மறுபடி தொடங்கிய பின் பின்னோக்கிப் போக அன்றைய விதியில் இரண்டே வாசல்கள்: ஆள் மாறி அட்டை காட்டப்பட்டது, அல்லது வன்முறை, துப்புதல், கடித்தல் போன்ற சிவப்பு அட்டைக் குற்றம். கோல் அந்தப் பட்டியலில் இல்லை. 96-ஆவது நிமிடத்தில் சுயகோல் விழ, லிவர்பூல் 2–1 என்று தோற்றது. ஆட்டத்தை மீண்டும் நடத்துவதே நியாயம் என்றார் லிவர்பூலின் அன்றைய பயிற்சியாளர் க்ளாப். விஏஆர் தவறியதால் ஆட்டம் செல்லாது என்று ஆகாது என நெறிமுறையே சொல்கிறது, ஆகவே அந்தக் கோரிக்கைக்கு இடமில்லை.

மூன்று நாள் கழித்து ஒலிப்பதிவு வெளியானது. அதைக் கேட்ட பிறகுதான் கேமராவும் கோடும் குற்றமற்றவை என்று எல்லோருக்கும் தெரிந்தது. குற்றவாளி, மைதானத்து முடிவு என்னவென்றே சொல்லாத இரண்டு சொல். அதன் பிறகு, முடிவை மைதானத்துக்குச் சொல்லுமுன் வீடியோ நடுவர் தன் உதவியாளரிடம் அதை உறுதிசெய்துகொள்ள வேண்டும் என்று மாற்றினார்கள். இது போதாது என்பது என் கருத்து. ‘மைதானத்து முடிவு ஆஃப்சைட், எங்கள் முடிவு கோல், கோல் கொடுங்கள்’ என்று மூன்றையும் சேர்த்துச் சொல்வதும், மைதானத்து நடுவர் அதைத் திரும்பச் சொல்வதும் கட்டாயமாக வேண்டும். விமான ஓட்டிகள் கட்டுப்பாட்டு அறையோடு பேசுவது அப்படித்தான். கூடுதலாக ஐந்து நொடி ஆகும், அவ்வளவே.

அதே ஆட்டத்தில் 26-ஆவது நிமிடத்துச் சிவப்பு அட்டை வேறு வகை. லிவர்பூலின் கர்டிஸ் ஜோன்ஸுக்கு முதலில் மஞ்சள்தான் காட்டினார் நடுவர். திரையில் பார்த்த பிறகு சிவப்பாக மாற்றினார். பந்தின் மேல் வழுக்கிய பாதம் எதிராளியின் காலில் பதிந்திருந்த கணம், நின்ற படமாகப் பார்க்கும்போது பயங்கரமாகத்தான் இருக்கும். எங்கே பட்டது என்பதற்கு மெதுவான காட்சி, எவ்வளவு வேகம், எவ்வளவு பலம் என்பதற்கு இயல்பு வேகம் என்று நெறிமுறை பிரித்தே வைத்திருக்கிறது. நின்ற படத்தில் வேகம் என்ற ஒன்றே கிடையாது. இது நாளிதழ்ப் படத்துக்கும் பொருந்தும்.

நம் பக்கம் வருவோம். 2024 ஜூன் 11, தோஹா, உலகக் கோப்பைத் தகுதிச்சுற்று. சாங்டே போட்ட கோலால் இந்தியா முன்னிலையில் இருந்தது. 73-ஆவது நிமிடத்தில் பந்து எல்லைக்கோட்டைத் தெளிவாகத் தாண்டியது. அதை உள்ளே இழுத்துக் கத்தார் கோல் போட்டது, நடுவர் கொடுத்தும்விட்டார். அந்தச் சுற்றில் விஏஆர் கிடையாது. இந்தியா 1–2 என்று தோற்று வெளியேறியது. பந்து கோல் கோட்டைத் தாண்டியதா என்று சொல்லும் கோல்லைன் கருவி இருந்திருந்தால் தப்பித்திருப்போம் என்று எழுதியவர்கள் உண்டு. அந்தக் கருவி பார்ப்பது இரு கம்பங்களுக்கு நடுவே மட்டும். கம்பத்துக்கு வெளியே பந்து போனதை அது கண்டுகொள்ளாது.

2023 மார்ச் 3 இந்தியன் சூப்பர் லீக் பெங்களூரு–கேரளா ஆட்டத்தையும் விஏஆர் இல்லாத கொடுமை என்று சேர்த்துவிடுகிறார்கள். விசிலுக்குக் காத்திராமல் பெங்களூருவின் சேத்ரி அடித்த ஃப்ரீ கிக் கோலானது, கேரளா வெளிநடப்புச் செய்து 4 கோடி ரூபாய் அபராதம் கட்ட நேர்ந்தது. ஃப்ரீ கிக்கை எப்போது எடுக்கலாம் என்பது விஏஆரின் மறுபார்வைப் பட்டியலிலேயே இல்லை. விஏஆர் இருந்திருந்தாலும் சண்டை அதே சண்டைதான்.

இந்தியன் சூப்பர் லீகுக்கு முழு விஏஆர் வாங்குவதைவிட, ஃபிஃபா 2024 மகளிர் 20 வயதுக்குட்பட்டோர் உலகக் கோப்பையில் சோதித்த முறை ஏற்றது. தனி அறை இல்லை, வீடியோ நடுவர் இல்லை. பயிற்சியாளருக்கு ஆட்டத்துக்கு இரண்டு முறையீடு. முடிவு மாறினால் முறையீடு குறையாது. நடுவரே ஓரத்துத் திரையில் பார்த்து முடிவு சொல்வார். சொற்கள் கைமாறும் வாய்ப்பே இல்லாததால் டியாஸ் வகைப் பிழையும் வராது. கேமராக்கள் குறைவு என்பதால் நூலிழை ஆஃப்சைடை இதில் தீர்க்க முடியாது, அதை முன்பே ஒப்புக்கொண்டுதான் தொடங்க வேண்டும். தோஹா போன்ற ஒன்றுக்கு எல்லைக்கோட்டை ஒட்டிப் பக்கத்துக்கு ஒரு கேமரா போதும்.

தங்களிடம் வேண்டுவது: அடுத்த முறை சர்ச்சையான கோலைப் பற்றி எழுதும்போது மைதானத்தில் முதல் முடிவு என்ன, வீடியோ அறை தலையிட்டதா, நடுவர் திரைக்குப் போனாரா, ஆட்டம் எதைக் கொண்டு மறுபடி தொடங்கியது என்ற விவரங்களைச் செய்தியின் முதல் பத்தியிலேயே போடுங்கள். படம் போட்டால் எந்தக் கேமராவில் எடுத்தது என்பதைக் கீழே குறிப்பிடுங்கள். கோடு வேண்டாம்.

இப்படிக்கு,
கால்பந்து வாசகர் ஒருவர்,
வியாசர்பாடி, சென்னை.